திண்ணை உயரம்

மேஸ்திரி உளியை வைத்து முதல் அடி போட்டதும் டைல்ஸ் அப்பளம் போல உடைந்து வந்தது. அதன் அடியில் சாந்து. சாந்துக்கு அடியில், பதினேழு வருஷமாக வெளிச்சம் பார்க்காத ரெட் ஆக்சைடு தரை, இன்னும் சிவப்பு மங்காமல். அதையும் பெயர்த்தால் செங்கல் ஜல்லி. எங்கள் வீட்டுக் கக்கூஸின் தரையே அதன் வரலாறு. டைல்ஸ் 2008, சிவப்புத் தரை 1994. ஜல்லிக்குக் கீழே இருப்பது வெறும் மண். அத்தை இந்த வீட்டுக்கு வாழவந்த காலத்தில் அங்கே ஒரு முருங்கை மரம் நின்றதாம்.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு கிராமம் எங்களுடையது. தென்பெண்ணையில் இருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்தால் ஏரி நிரம்பும், ஏரி நிரம்பினால் நெல்லும் கரும்பும். அத்தை 1971இல் இங்கே வந்தபோது ஊரில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. ‘கொல்லைக்குப் போறது’ என்பதுதான் சொல். எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறமும்தான், ஊருக்கு வெளியே இருக்கும் புன்செய் நிலமும்தான். பெண்களுக்கு இரண்டாவது கொல்லை. நேரம் விடிவதற்கு முன்பு, இல்லையென்றால் விளக்கு வைத்த பிறகு. இடைப்பட்ட பகல் முழுக்க வயிறு வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும்.

“கரும்பு வெட்டாத வரைக்கும் கவலையில்ல” என்பார் அத்தை. ஆளுயரக் கரும்பு நின்றால் மறைப்பு உண்டு. வெட்டிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டை. ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர், வரப்பெல்லாம் பாம்பு, கால் வைக்க மேடு இருப்பது ஏரிக்கரையில் மட்டும். அந்த மாதங்களில் ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்களாம். நிறைமாதமாக இருந்தபோது எப்படிப் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “ரெண்டு பேர் தொணைக்கு வருவாங்க. ஒருத்தி கையப் புடிச்சிப்பா, இன்னொருத்தி லாந்தர் புடிப்பா” என்றார். குரலில் குறையே இல்லை. துணைக்கு வந்தவர்களின் பேரைச் சொல்லும்போது சிரிப்புகூட வந்தது. அந்த நடைதான் மாமியார் காதில் விழாமல் பேசக் கிடைத்த ஒரே நேரம் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தை மெச்ச நான் தயாராக இல்லை.

நான் வில்லியனூர்க்காரி. திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடும் வீதிக்குப் பக்கத்தில் பிறந்த வீடு. அங்கே கக்கூஸ் இருந்தது. அதற்கும் முன்பு இருந்தது எடுப்புக் கக்கூஸ். அந்த வீட்டுக் கொல்லைச் சுவரில் அடைத்துப் பூசிய ஒரு சின்ன வாசல் உண்டு. அள்ள வருகிறவர் தெருவழியாக வரக்கூடாது என்பதற்காக வைத்த வாசல் அது. எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் மனிதரை வைத்து அள்ளுவதையும் தடைசெய்த சட்டம் நாடாளுமன்றத்தில் வந்ததே 1993இல்தான். அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. வாசலை அடைத்துவிட்டார்கள், தடம் மட்டும் சுவரில் இருக்கிறது.

1994இல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது அப்பா நகை, சீர் பற்றிப் பேசவில்லை. “வீட்ல கக்கூஸ் இருக்குங்களா?” என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது முருங்கையை வெட்டி, உறை இறக்கி, அவசர அவசரமாக ஒன்று எழும்பியது. வீட்டில் இருந்து எத்தனை தூரம் தள்ளிக் கட்ட முடியுமோ அத்தனை தூரம். சாமி மாடம் இருக்கிற கூரையின் கீழ் இதையும் வைப்பதா என்று மாமனார் கேட்டதாகக் கேள்வி. கதவில் பொட்டு வைக்காத குறைதான். ஊர்ப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

அதற்கு இரண்டு படி ஏற வேண்டும். ஊரில் பழைய கக்கூஸ் எதைப் பார்த்தாலும் இப்படித்தான், குட்டி மேடை போல. மரியாதைக்காக உயர்த்தியதில்லை. குந்தி உட்காரும் பேனுக்கு வளைவு, அதாவது டிராப், தரைக்கு அடியில் இருக்கும். அதன் வாயில் இருந்து குழாய் சரிவாகக் குழிக்குப் போக வேண்டும். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும் என்பதால் குழியை ஆழமாகத் தோண்ட முடியாது. ஆகவே தரையை உயர்த்து, படி வை. அந்த இரண்டு படியும் முப்பது வருஷம் கழித்து ஒரு கிழவியின் முட்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

அந்த முதல் பேன் வடலூர் நெய்சர் கம்பெனியுடையது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையும் நமக்குக் கூப்பிடு தூரம். அதனால் நகரத்துக்காரர்கள் எங்கிருந்தோ வரவழைத்த பொருள் எங்களுக்கு உள்ளூர்ச் சரக்காகவே கிடைத்தது. ‘கக்கூஸ்’ என்ற சொல்தான் வெளியூர்ச் சரக்கு. டச்சுக்காரரின் ‘கக்ஹூயிஸ்’ தமிழில் தேய்ந்து கக்கூஸ் ஆனது. டச்சுக்காரர்கள் 1693இல் புதுச்சேரியைப் பிடித்து ஆறு வருஷம் வைத்திருந்து பிரெஞ்சுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டு இருந்து ‘கொம்யூன்’ என்ற சொல்லை விட்டுப்போனார்கள். கிராமத்துக்குக் கக்கூஸை மட்டும் இரண்டு பேருமே விட்டுப்போகவில்லை.

அரசாங்கம் எங்கள் பக்கம் வந்து சேர ரொம்ப காலம் ஆயிற்று. 2011 கணக்கெடுப்பின்போதுகூட புதுச்சேரியின் கிராமத்து வீடுகளில் பத்துக்கு ஏறக்குறைய நாலில்தான் கழிப்பறை இருந்தது. நாடு முழுவதற்கும் எடுத்தால் கிராமங்களில் அது 30.7 விழுக்காடு, அதனால் நாம் தேவலை என்று வேண்டுமானால் தேற்றிக்கொள்ளலாம். 2014 அக்டோபரில் தூய்மை இந்தியா இயக்கம் வந்து, வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். 2018 ஏப்ரலில் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண்பேடி, திறந்தவெளியில் மலம் கழிப்பது நிற்காத கிராமங்களுக்கு இலவச அரிசி கிடையாது என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அன்றைக்கே நிறுத்திவைத்தார். “சோத்துக்கும் அதுக்கும் முடிச்சுப் போடுறாங்களே” என்று எங்கள் தெருவில் அன்று பேசிச் சிரித்தார்கள். யோசித்தால் அத்தையின் தலைமுறை அந்த முடிச்சைத் தானே போட்டுக்கொண்டு வாழ்ந்ததுதான், ராத்திரிச் சோற்றைக் குறைத்து.

இனி மாற்றிய கதை.

2008இல் முதல் பேன் விரிசல் விட்டது. ஒரிசா பேன் போட்டோம். இரண்டு பக்கமும் கால் வைக்க அகலமான மிதி வைத்தது. தரைக்கு டைல்ஸ். ஒரு குழி மழைக்குத் தாங்கவில்லை என்பதால் பக்கத்தில் மூன்றடி தள்ளி இரண்டாவது குழியும் இறக்கினோம். நடுவில் சின்னத் தொட்டி, அதில் இருந்து இரண்டு குழிக்கும் குழாய், ஒரு வாயை மூடி மற்றதைத் திறந்துவைப்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அத்தைக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி எழுவார். ஒருநாள் உள்ளேயே அரை மணி நேரம். கதவைத் தட்டினால், “வந்துடுவேன் இருடி.” மருமகளைக் கூப்பிட்டுத் தூக்கச்சொல்ல வெட்கம். மறுநாளே வெஸ்டர்ன் வைத்துவிடலாம் என்றேன். “நாற்காலியில ஒக்காந்து பழகுன ஜனமா நாம?” என்றார். இடையில் இரண்டு காரியம் நடந்து பேச்சை முடித்துவைத்தன.

ஒன்று 2024 ஜூன் 11. வில்லியனூரில் இருந்து புதுச்சேரி போகும் வழியில் உள்ள ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடை விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக உள்ளே வந்து மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி பதினைந்து வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளை. அதுவரை கக்கூஸ் என்றால் பாம்பு வருமா என்றுதான் பயந்தோம். காற்றே வரும் என்று தெரிந்தபோது ஊரெல்லாம் குனிந்து தன் வீட்டுப் பேனைப் பார்த்தது. எங்கள் கிராமத்தில் பாதாளச் சாக்கடை இல்லை, ஆனால் குழி இருக்கிறது, குழியிலும் வாயு இருக்கிறது. அதைத் தடுத்து நிற்பது டிராப்பின் வளைவில் தேங்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் ஒன்றுதான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் காப்புரிமை வாங்கிய வளைவு அது. இன்றுவரை அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிட்டால் கதவு திறந்தது போலத்தான். வெளியூரில் இருந்து திரும்பினால் முதல் வேலையாக ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்கள் மூழ்கின. எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் இல்லை, ஆனால் குழி நிறைந்து பேன் வாயில் வந்து நின்றது. ஊற்றினால் போகாது. நாலு நாள். அத்தை, “அந்தக் காலத்துல ஏரிக்கரையாச்சும் இருந்துச்சு” என்றார். இந்த ஒரு முறை நான் வாயைத் திறக்கவில்லை.

மாசியில் மண் காய்ந்ததும் வேலையைத் தொடங்கினோம்.

கடை ஒரு கண்காட்சி. சுவரில் தொங்குவது, தொட்டியும் பீங்கானும் ஒன்றாக வார்த்த ஒன் பீஸ், தானாக மெல்ல மூடும் மூடி, கறுப்பு நிறம், தங்கக் கோடு. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை வரி குறைவு என்று எல்லைக்கு அப்பால் இருந்தெல்லாம் டைல்ஸும் பீங்கானும் வாங்கப் புதுச்சேரிக்கு வருவார்கள். அந்தப் பழைய மிடுக்கு கடைக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. குந்தவும் உட்காரவும் இரண்டுக்கும் ஆகும் ஆங்கிலோ இந்தியனைக் கேட்டேன். “அதெல்லாம் இப்ப யாரும் எடுக்கறதில்லம்மா.” எனக்கும் அதில் நம்பிக்கை இல்லைதான். ஏறிக் குந்தினால் சறுக்கும், உட்கார்ந்தால் அழுத்தும். பெரியவர்களுக்கு என்று உயரமான ஒன்றைக் காட்டினார், பதினெட்டு அங்குலம். முட்டி வலிக்கு உயரம்தான் நல்லது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாங்கியிருப்பேன், மேஸ்திரி போனில் தடுத்தார்.

“அக்கா, ஆயா குள்ளம். மொதல்ல அளந்துக்கலாம்.”

வந்து அத்தையைத் திண்ணையில் உட்காரச் சொன்னார். “ஆயா, காலு தரையில படுதா?” முழுப் பாதமும் பட்டது. திண்ணையை அளந்தார். பதினாறு அங்குலம் சொச்சம். ஐம்பது வருஷமாக அந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்தவர், முட்டி போன பிறகும் அங்கே தானாக எழுகிறவர். “அதே ஒசரம் போதும். காலு தொங்குனா எந்திரிக்க ஊன்றதுக்கு எடம் இருக்காது, வயிறும் முக்காது.” கடைக்காரர் சாதாரணம் என்று ஒதுக்கிய உயரமே பொருத்தமாக அமைந்தது. எனக்கு இன்னும் வியப்பு. இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பொருள் செய்கிறார்கள், உட்காரப்போகிறவரின் காலை ஒருவரும் கேட்பதில்லை.

அடுத்தது எஸ்ஸா, பீயா என்ற கேள்வி. கழிவு தரை வழியாக இறங்கினால் எஸ் டிராப், பின்சுவர் வழியாகப் போனால் பீ டிராப். எங்களுக்குத் தரை. எஸ் டிராப் வாங்குவதென்றால் சுவரில் இருந்து குழாயின் நடுவரை எத்தனை அங்குலம் என்று சொல்ல வேண்டும். நாலு, ஒன்பது, பன்னிரண்டு என்று அளவுகள் உண்டு. என் வீட்டுக்காரர் டேப் பிடித்து ஒன்பது என்று எழுதிக்கொடுத்தார். மேஸ்திரி சீட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது மொட்டச் செவுரு. சாந்து, டைல்ஸு ஏறுனா ஒண்ணேகால் அங்குலம் போயிடும். அப்பறம் தண்ணித் தொட்டி எங்க ஒக்காரும்?” என்றார். குழாயை அந்த அளவு முன்னே நகர்த்திப் பதித்தார். இதைக் கேட்காமல் பதித்துவிட்டுப் புது டைல்ஸைக் கொத்தி எடுத்த வீடு எங்கள் தெருவிலேயே ஒன்று உண்டு.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது படி விஷயம். வெஸ்டர்னில் வளைவு பீங்கானுக்குள்ளேயே, தரைக்கு மேலே இருக்கிறது. அடியில் டிராப் புதைக்க வேண்டியதில்லை. “அப்ப தரைய ஏன் தூக்கி வெக்கணும்? ஒரு படிய எடுத்துடலாம்.” முப்பது வருஷம் இரண்டு படி ஏறி இறங்கினோம். ஒன்று எடுத்தாயிற்று. மற்றதை எடுக்க முடியாது, கார்த்திகைத் தண்ணீர் இருக்கிறது.

பழைய குழாயும் வெளியே வந்தது. மண்ணைச் சுட்டுப் பளபளப்புப் பூசியது, இணைப்பில் சணல் திணித்துச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒரு இணைப்பில் வேர் புகுந்திருந்தது. வெட்டிய முருங்கையுடையதா, பக்கத்துத் தென்னையுடையதா, தெரியவில்லை. அதற்குப் பதிலாக நாலு அங்குல பிவிசி. பீங்கானைத் தரையோடு சிமெண்டில் புதைக்க வேண்டாம், போல்ட் போட்டு விளிம்புக்கு ஒயிட் சிமெண்ட் மட்டும் பூசுங்கள் என்று சொல்லிவைத்தேன். சிமெண்டில் புதைத்தது இறுகும்போது பீங்கானை நெருக்கி விரிசல் விடும், அடுத்த முறை கழற்றவும் முடியாது. 2008இல் முதல் பேனை உடைத்துத்தான் எடுத்தோம்.

தண்ணீர்க் கணக்கும் மாறுகிறது. கொல்லைக்குப் போன காலத்தில் ஒரு செம்பு. பேனுக்கு அரை வாளி. வெஸ்டர்ன் தொட்டி ஒரு அழுத்தலுக்கு ஆறு லிட்டர். எங்கள் குழி அதைத் தாங்காது என்று சின்னதும் பெரியதுமாக இரண்டு பட்டன் உள்ளதை எடுத்தோம், மூன்று லிட்டருக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று. எது எதற்கு என்று அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகள். அவர் இரண்டையும் தொடுவதில்லை. மக்கில் மொண்டு ஊற்றுகிறார். பிடித்து எழச் சுவரில் ஒரு கம்பி, வலது கைக்கு எட்டும்படி குழாய். பீச்சியடிக்கும் பைப்பை மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியில் குழி. நடுத்தொட்டியின் மூடியைத் தூக்கினோம். 2008இல் முதல் குழியின் வாயில் வைத்த செங்கல் வைத்தபடியே இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருந்தார்கள். யாருக்கும் நினைவில்லை. இரண்டாவது குழி திணறிக்கொண்டிருக்க, முதல் குழி பதினேழு வருஷமாக ஓய்வில் இருந்தது. அதைத் திறந்து உள்ளே இருப்பதை அள்ளிவிட்டால் இனி அதற்குத் திருப்பிவிடலாம். மேஸ்திரி சொன்னார், “வெறும் மண்ணுதான்க்கா, நாத்தமே இருக்காது.” ஆனால் சித்தாள் பையன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். இந்த வேலை யார் தலையில் காலங்காலமாக விழுந்தது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அடைத்த அந்த வாசலுக்கும் தெரியும். யாரைக் கூப்பிடுவது என்று தெருவில் ஒருவர் ஒரு காலனிப் பேரைச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசின் துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் இப்படி ஓய்ந்த ஒரு குழிக்குள் தானே இறங்கி அள்ளிக் காட்டினார். அந்தப் படத்தை என் மகள் செல்போனில் எடுத்து அவள் அப்பாவிடம் காட்டினாள். அவர் கொஞ்சநேரம் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மூடியைத் திறந்து ஒரு பகல் காற்றாட விட்டிருந்தோம். கறுத்த மண், ஈரம் குறைவு, டீத்தூள் மாதிரி. மழைக்காலத்து மண் வாசனைதான் வந்தது. பதினோரு கூடை வந்தது. முதல் கூடையை அவர் எட்டத்தில் பிடித்தார், ஐந்தாவது கூடைக்கு மறந்துவிட்டார். அத்தை ஒரு படி இறங்கி வந்து பார்த்தார். “தென்னைக்குப் போடு. வாழைக்கு வேணாம்” என்றார். ஏன் வாழைக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேஸ்திரி செங்கல்லை எடுத்து மற்ற வாயில் வைத்தார். மூடியைப் போட்டு விளிம்புக்குச் சிமெண்ட் பூசினார். பூசி முடித்து, பையில் இருந்து ஓர் ஆணியை எடுத்து ஈரத்தில் கீறினார்: 3-3-2025. கீழே ஓர் அம்பு, எந்தக் குழி ஓடுகிறது என்று.